கோப்பியின் மணல் தட்டு

அன்புள்ள தம்பி,

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், பிராணிகள் கிளினிக் வாசலில் நின்றுகொண்டு போனில் நீ கேட்ட கேள்விக்கு நான் பதில் சொல்லவில்லை. "இன்னும் அரை நாள் விட்டிருந்தா கிச்சாப் போயிருக்கும்னு டாக்டர் சொல்றாருப்பா. உங்களுக்கு எப்டி தெரிஞ்சுச்சு?" என்று கேட்டாய். "யாரோ சொல்லிக் கேட்டது லா" என்றேன். அடுப்பில் சோறு இருக்கிறது என்று சொல்லி அவசரமாக போனை வைத்தேன். அடுப்பில் எதுவும் இல்லை, தம்பி. நான் குளியலறைக் கதவுக்கு எதிரே ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருந்தேன். நாலு நாளாக அந்தக் கேள்வி என்னோடு சாப்பிடுகிறது, என்னோடு படுக்கிறது. அதனால் எழுதுகிறேன். நேரில் சொல்ல ஆரம்பித்தால் பாதியில் பேச்சை மாற்றிவிடுவேன். அதில் எனக்கு இணை யாருமில்லை என்று உன் அம்மா சொல்வாள், நினைவிருக்கும்.

அன்று காலையில் நீ முதலில் போன் செய்தது உங்கள் பூனை கிச்சாப்புக்காகக்கூட இல்லை. திவ்யா கோபமாக இருக்கிறாள் என்று சொல்லிச் சிரித்தாய். அவள் கொண்டுவந்த பூனை, அவள் ஆசையாக வாங்கிய கார்பெட்டையே நனைக்கிறது என்றாய். "ரெண்டு நாளா இதே சேட்டைப்பா. தட்டுக்குப் போய்ப் போய் உக்காருது, ஒண்ணும் வரல. வெளிய வந்து சொட்டு சொட்டா விடுது. பின்னாடி பால்கனியில கொஞ்ச நேரம் பூட்டி வெக்கலாமான்னு பாக்குறோம்." அந்தக் கடைசி வார்த்தையைக் கேட்டதும் நான் கத்தினேன். நான் அப்படிக் கத்தி நீ கேட்டிருக்க மாட்டாய். "பூட்டாத! இப்பவே தூக்கிட்டு ஓடு! ஞாயித்துக்கிழம தொறந்திருக்கிற கிளினிக் எதுன்னு பாரு, கிராப் கார கூப்பிடு, நாளைக்கின்னு சொல்லாத!" நீ பயந்து போனது எனக்குக் கேட்டது. பயந்ததனால்தான் உடனே கிளம்பினாய். மூத்திரக் குழாய் அடைத்துக்கொண்டிருந்தது, மயக்க மருந்து கொடுத்து, டியூப் போட்டு, இரண்டு நாள் வைத்திருந்து அனுப்பினார்கள். பிழைத்தது.

அன்று சாயங்காலம் திவ்யா எனக்கு நன்றி சொல்லப் பேசினாள். நல்ல பிள்ளை அவள். அழுகையும் சிரிப்புமாகப் பேசினாள். "மாமா, ஒண்ணு சொல்லட்டா? பூனை பேக்ல கத்திக்கிட்டு இருக்கு, நான் லிப்ட்ட புடிச்சிக்கிட்டு நிக்கிறேன், இவரு திரும்பி ஓடிப் போயி கதவு பூட்டியிருக்கான்னு இழுத்துப் பாக்குறாரு. ஒரு தடவ இல்ல, ரெண்டு தடவ. கல்யாணத்தன்னிக்கும் காரிலேருந்து எறங்கிப் போயி பாத்தாருல்ல? சின்னப் பிள்ளையிலேருந்தே இப்டியா மாமா?" அவள் விளையாட்டாகத்தான் கேட்டாள். சின்னப் பிள்ளையிலிருந்து இல்லை. பதிமூன்று வயதிலிருந்து. அந்தப் பழக்கத்தை உனக்குக் கொடுத்தவன் நான். எப்படிக் கொடுத்தேன் என்பதைத்தான் இந்தக் கடிதத்தில் சொல்லப் போகிறேன்.

கோப்பியை உனக்கு நான் நினைவுபடுத்த வேண்டியதில்லை. பழுப்பு நிறம், ஒரு காது மட்டும் கறுப்பு. கிள்ளான் பாசாரில் கோழிக் கடைக்குப் பின்னாலிருந்து உன் சட்டைக்குள் வைத்து நீ கொண்டுவந்தது. நம் பிளாட் நான்காவது மாடி, கீழே போர்ட்டுக்குப் போகிற லோரிகள் ஓடும் சாலை. அதனால் அதை வெளியே விடுவதே இல்லை. வாசல் கிரில் கதவுக்கு வலை கட்டி, எப்போதும் பூட்டியே வைத்திருந்தோம். அது ஒன்றுக்கும் இரண்டுக்கும் போக ஒரு நீலப் பிளாஸ்டிக் தட்டில் மணல். உன் அம்மா அதைக் குசினிக்கும் ஹாலுக்கும் நடுவில் இருந்த மூலையில் வைத்திருந்தாள். யாரும் குறுக்கே நடக்காத இடம், ஆனால் அங்கிருந்து பூனைக்கு வீடு முழுவதும் தெரியும். காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை சல்லடைக் கரண்டியால் அள்ளிவிடுவாள். வாரம் ஒரு தடவை மணல் முழுவதையும் கொட்டி, தட்டை வெந்நீரும் கொஞ்சம் பாத்திரம் கழுவும் சோப்பும் போட்டுத் தேய்த்து வெயிலில் காய வைப்பாள். வீட்டில் பூனை இருப்பதே வருகிறவர்களுக்குத் தெரியாது. அது தானாகவே அப்படி இருக்கிறது என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஈப்போவில் சின்னம்மாவுக்குப் பிரசவம் என்று அம்மா பத்து நாள் போனாளே, அப்போது நடந்தது இது. போகும்போது என்னிடம்தான் சொன்னாள். "ரெண்டு வேள அள்ளிப் போட்டுருங்க. அது சுத்தக்காரப் பூனைங்க, அழுக்குல கால் வெக்காது." நீ, "நான் செய்றேம்மா" என்றாய். பரீட்சை நேரம், நீ படி, நான் பார்த்துக்கொள்கிறேன் என்று நான்தான் தடுத்தேன். முதல் நாள் அள்ளினேன். இரண்டாம் நாள் நைட் ஷிப்ட் முடிந்து வந்து தூங்கிவிட்டேன். மூன்றாம் நாள், நாலாம் நாள் கண்ணில் பட்டும் படாதது போல் நடந்தேன். போர்ட் கிடங்கில் பன்னிரண்டு மணி நேரம் ஃபோர்க்லிப்ட் ஓட்டிவிட்டு வருகிறவன் பூனை மலம் அள்ள வேண்டுமா என்று ஒரு வீம்பு. ஐந்தாம் நாள் வீடு நாறியது. கோபத்தில் தட்டைத் தூக்கிப் போய் பிளீச் ஊற்றிக் கழுவினேன். தரை துடைக்கிற எலுமிச்சை வாசனைத் தண்ணீரையும் ஊற்றினேன். பக்கத்து மளிகைக் கெடாயில் கிடைத்த வாசனை மணலைக் கொட்டினேன். அதோடு விடாமல், இனிமேல் இந்த நாற்றம் ஹாலுக்கு வரக்கூடாது என்று தட்டைப் பின்னால் வாஷிங் மெஷினுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தேன்.

அன்று மாலை நான் துணி போட்டேன். கோப்பி தயங்கித் தயங்கித் தட்டில் ஏறிக் குழி தோண்டும் நேரத்தில் மெஷின் தண்ணீரைப் பிழிய ஆரம்பித்தது. அந்தத் தடதடப்பில் அது சுவரில் மோதிக்கொண்டு ஓடியது. நான் சிரித்தேன். அதற்குப் பிறகு அது தட்டின் ஓரம் வரை போகும், முகர்ந்து பார்க்கும், திரும்பிவிடும். எவ்வளவு நேரம் அடக்கிவைத்ததோ எனக்குத் தெரியாது. நான் பார்க்கவில்லை. பார்த்தவன் நீ. புதன்கிழமை சாயங்காலம் நான் வேலைக்குக் கிளம்பி ஷூ மாட்டிக்கொண்டிருந்தேன். நீ வந்து நின்று சொன்னாய்: "அப்பா, கோப்பி உக்காந்து உக்காந்து எந்திரிக்குதுப்பா. ஒண்ணும் போகல. அந்த எடத்தையே நக்கிக்கிட்டு இருக்கு. டாக்டர்கிட்ட போலாமா?" நான் என்ன சொன்னேன் தெரியுமா? "மலச்சிக்கலா இருக்கும். கொஞ்சம் எண்ண கொடு. சனிக்கெழம பாக்கலாம்." ஞாயிற்றுக்கிழமை நீ கிச்சாப்பைப் பற்றிச் சொன்னபோது, அன்று நீ சொன்ன அதே வார்த்தைகளை உன் குரலிலேயே கேட்டேன். குரல் மட்டும்தான் தடித்திருக்கிறது.

வியாழக்கிழமை காலை எட்டு மணிக்கு நான் வீடு வந்தேன். நீ ஆறரைக்கே பள்ளிக்கூட பஸ்ஸுக்குப் போயிருந்தாய். கட்டிலின் மேல் நான் மடித்து வைத்திருந்த, என் அடுத்த ஷிப்ட் யூனிபாரம் நனைந்திருந்தது. வெறும் நாலைந்து சொட்டு, லேசாகச் சிவப்பு. சிவப்பைப் பார்த்தேன், தம்பி. பார்க்கவில்லை என்று இத்தனை வருஷம் எனக்கே சொல்லிக்கொண்டிருக்கிறேன், ஆனால் பார்த்தேன். தூக்கக் கலக்கமும் ஆத்திரமும்தான் முன்னால் நின்றன. பேப்பரைச் சுருட்டி அதை இரண்டு அடி அடித்தேன். அது ஓடவில்லை. அடி வாங்கிக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தது. கழுத்தைப் பிடித்துத் தூக்கிக் குளியலறைக்குள் போட்டுக் கதவைச் சாத்தினேன். அது கத்தியது. சாதாரணக் கத்தல் இல்லை, அடிவயிற்றிலிருந்து இழுத்து இழுத்து வந்தது. கதவைப் பிறாண்டியது. நான் அறைக் கதவையும் மூடிக்கொண்டு, காற்றாடியை ஐந்தாம் வேகத்தில் வைத்தேன். அந்த இரைச்சலில் பிறாண்டல் அமுங்கிப்போனது. நான் தூங்கினேன். நன்றாகத் தூங்கினேன்.

இரண்டு மணிக்கு எழுந்து காற்றாடியை நிறுத்தினேன். ஒரு சத்தமும் இல்லை. ஒரு விநாடி நிம்மதியாகக்கூட இருந்தது. குளியலறைக் கதவைத் தள்ளினேன், முழுவதும் திறக்கவில்லை. கதவுக்கு அடியிலேயே கிடந்தது. வாந்தி எடுத்திருந்தது. வயிறு கல் மாதிரி இருந்தது, மற்றதெல்லாம் குளிர்ந்துபோயிருந்தது.

நீ மூன்றரைக்கு வந்துவிடுவாய் என்பது ஒன்றுதான் அப்போது என் மண்டையில் ஓடியது. அழக்கூட நேரமில்லை. அரிசிப் பையில் வைத்தேன். கீழே புல் வெட்டுகிற அண்ணனிடம் மண்வெட்டி வாங்கினேன், செடி நட வேண்டும் என்றேன். பிளாட்டுக்குப் பின்னால் பெரிய கால்வாயை ஒட்டி ஒரு கெத்தாபாங் மரம் இருந்ததே, அதன் அடியில் புதைத்தேன். மேலே வந்து குளியலறையைக் கழுவினேன், குளித்தேன், சட்டை மாற்றி ஹாலில் பேப்பரோடு உட்கார்ந்தேன். உன்னிடம் உண்மையைச் சொல்லத்தான் உட்கார்ந்திருந்தேன். நீ பையை இறக்கியதும் "கோப்பி!" என்று கூப்பிட்டாய். அறை அறையாகப் பார்த்தாய். "கோப்பி எங்கப்பா?" என்றாய். "தெரியல தம்பி, நான் வந்ததும் படுத்துட்டேன்" என்றேன். அது தானாக வாயில் வந்தது. நீ வாசலையே பார்த்துக்கொண்டு நின்றாய். உன் முகம் கொஞ்சம் கொஞ்சமாக மாறியது. "காலையில... நான் கிரில சாத்தலையாப்பா? பஸ் ஹார்ன் அடிச்சுச்சுன்னு ஓடுனேன். நான் பூட்டலையா?"

தம்பி, நீ எனக்கு ஒரு கதவைத் திறந்து கொடுத்தாய். நான் அதற்குள் நுழைந்து ஒளிந்துகொண்டேன். "தொறந்துதான் கெடந்துச்சு" என்றேன்.

நீ பூட்டிவிட்டுத்தான் போயிருந்தாய். இதை எந்தச் சந்தேகமும் இல்லாமல் சொல்கிறேன். காலை எட்டு மணிக்கு என் சாவியைப் போட்டுத் திறந்துதான் நான் உள்ளே வந்தேன். பூட்டு சரியாக இருந்தது, சங்கிலியும் சுற்றியிருந்தது. பதிமூன்று வயதுப் பிள்ளை, பஸ் ஹார்ன் அடித்துக்கொண்டிருந்தும், எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்துவிட்டுத்தான் போயிருந்தாய்.

அதற்குப் பிறகு நாம் தேடினோம். நாம் என்றுதான் சொல்ல வேண்டியிருக்கிறது. மூன்று மொழியில் 'காணவில்லை' எழுதி, கோப்பியின் போட்டோவை ஒட்டி, போட்டோஸ்டேட் எடுத்துத் தூண் தூணாக ஒட்டினாய். பசை டப்பாவை நான் பிடித்துக்கொண்டேன். ஒவ்வொரு சாயங்காலமும் ரயில் பாதையோரம், பாசார், மேம்பாலத்துக்கு அடி என்று நடந்தோம். தினமும் அந்த கெத்தாபாங் மரத்தைத் தாண்டித்தான் போவோம். நீ இந்தப் பக்கம் கூப்பிடுவாய், "நீங்க அந்தப் பக்கம் கூப்பிடுங்கப்பா" என்பாய். நானும் கூப்பிட்டேன். நானே புதைத்த பூனையின் பேரைச் சொல்லி, குனிந்து, காருக்கடியில் டார்ச் அடித்து, "கோப்பி, கோப்பி" என்று கூப்பிட்டேன். ஒரு நாள் சாலையோரக் கோப்பிக் கடைக்காரர் நம்மைப் பார்த்து, "அண்ணே, கோப்பி ஓ-வா, பால் போட்டதா?" என்று கேட்டார். ஒரு வாரமாகச் சிரிக்காத நீ சிரித்துவிட்டாய். நானும் உன்னோடு சேர்ந்து சிரித்தேன். நான் செய்த எல்லாவற்றிலும் அந்தச் சிரிப்பைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

கோப்பி திரும்பி வந்தால் தட்டு தயாராக இருக்க வேண்டும் என்று சொல்லி, நீ அதைப் பழைய மூலைக்கே கொண்டுவந்து, புது மணல் போட்டு வைத்தாய். தினமும் காலையில் பள்ளிக்குப் போகும் முன் யாரும் தொடாத அந்த மணலைக் கரண்டியால் கிளறிச் சமப்படுத்திவிட்டுப் போவாய். ஷிப்ட் முடிந்து நான் வந்தால் அது வயலில் பரம்பு ஓட்டியது போல் வழவழவென்று இருக்கும். ஒரு காலை நான் வந்தபோது அதன் நடுவில் ஒரு குழி இருந்தது. பூனை முன்னங்காலால் வாரினால் எப்படி இருக்குமோ அப்படி. மண் ஒரு பக்கமாகக் குவிந்திருந்தது. எலியாக இருக்கும், நம் மாடிக்கும் எலி வரும். இல்லை, நீயே போகிற அவசரத்தில் பாதியில் விட்டுப் போயிருப்பாய். நான் வெகுநேரம் நின்றேன். பிறகு மண்டியிட்டுக் கையால் அதை மூடிச் சமப்படுத்தினேன். உன்னிடம் கேட்டால் "நான் இல்லப்பா" என்று சொல்லிவிடுவாயோ என்ற பயத்தில் கேட்கவே இல்லை.

அம்மாவுக்குத் தெரியும். ஈப்போவிலிருந்து வந்த மறுநாளே அவள் குளியலறையைத் தேய்த்தாள். பிளாஸ்டிக் கதவின் உள்பக்கம், கீழே, ஒரு சாண் உயரத்துக்குக் கோடு கோடாகப் பிறாண்டல். நான் தரையைக் கழுவினேனே தவிர கதவைப் பார்க்கவில்லை. தேய்க்கிற பிரஷ் கையில் இருக்க, ஈரக் காலோடு வந்து என் முன்னால் நின்றாள்.

"அது ஓடிப்போகல. இல்லீங்களா?"

"இல்ல."

"எங்க வெச்சீங்க?"

சொன்னேன். அவள் திட்டவில்லை. "பிள்ள வாசல்ல போயிப் போயி நிக்கிறான். பூட்ட இழுத்து இழுத்துப் பாக்குறான். அவன்கிட்ட சொல்லிருங்க. நான் சொல்ல மாட்டேன், நீங்கதான் சொல்லணும்" என்றாள். சொல்கிறேன் என்றேன். பிறகு இரண்டு தடவை கேட்டாள். அப்புறம் கேட்பதை விட்டுவிட்டாள். மூன்று வருஷத்துக்கு முன்னால் ஆஸ்பத்திரியில் அவள் கடைசி வாரத்தில் இருந்தபோது, நீ சாப்பாடு வாங்கக் கீழே போயிருந்தாய். அவள் கண்ணைத் திறந்து என்னிடம், "பிள்ளகிட்ட சொல்லிட்டீங்களா?" என்றாள். எதை என்று சொல்லவில்லை. அத்தனை வருஷம் கழித்தும் எங்கள் இருவருக்கும் அது எது என்று விளக்க வேண்டியிருக்கவில்லை. "சொல்லிட்டேன்" என்றேன். "நல்லது" என்று என் கையைத் தட்டிக்கொடுத்தாள். அவளையும் பொய் சொல்லித்தான் அனுப்பினேன், தம்பி.

உன் கேள்விக்கு வருகிறேன். எனக்கு எப்படித் தெரியும்? கோப்பி போய் ஒரு மாதம் கழித்து, ஓய்வு நாளில், கிள்ளானில் ஒரு பிராணிகள் கிளினிக்குக்குப் போனேன். நம்பர் எடுத்து உட்கார்ந்தேன். எல்லார் மடியிலும் ஒரு கூண்டு, என் மடியில் ஒன்றுமில்லை. டாக்டர் ஒரு இளவயதுப் பெண், நம்மவர். "அங்கிள், பூனை எங்க?" என்றார். "இல்ல டாக்டர். செத்துப்போச்சு. ஏன்னு தெரிஞ்சுக்கணும்" என்றேன். நடந்ததைச் சொன்னேன், அடித்ததைச் சொல்லவில்லை. அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "அது சேட்ட பண்ணல அங்கிள். அதுக்கு வலி. எங்க போனாலும் வலிக்குதுன்னு எடம் மாத்தி மாத்திப் பாக்கும். ஆண் பூனைக்குக் குழாய் ரொம்பச் சின்னது, அடைச்சிட்டா ஒரு நாள், மிஞ்சிப் போனா ரெண்டு நாள்." தட்டு அழுக்காக இருந்ததாலா என்று கேட்டேன். "அது மட்டும்தான்னு சொல்ல முடியாது. பல காரணம் இருக்கு. அழுக்குத் தட்டு, பிடிக்காத எடம், பயம், அடக்கி வெக்கிறது, இதெல்லாம் சேரும். ஆனா முந்துன நாள் கொண்டாந்திருந்தீங்கன்னா..." என்று சொல்லி நிறுத்திக்கொண்டார். முந்தின நாள்தான் நீ என்னிடம் கேட்டாய். அதையும் நான் அவரிடம் சொல்லவில்லை.

அன்று அவர் சொன்னதெல்லாம் எனக்கு மனப்பாடம். உபயோகமில்லாமல் இத்தனை வருஷம் வைத்திருந்தேன், இப்போது எடுத்துக்கொள். உங்கள் வீட்டுத் தட்டைப் பின்கட்டிலிருந்து எடுத்துவிடு. மெஷின் சத்தமில்லாத, ஆள் நடமாட்டம் குறைந்த மூலையில், சாப்பாட்டுக் கிண்ணத்திலிருந்து தள்ளி வை. ஒரே நாளில் மாற்றாதே. புது இடத்தில் இன்னொரு தட்டு வை, பழையதும் இருக்கட்டும், அது எதற்குப் பழகுகிறது என்று பார். ஒரு பூனைக்கு இரண்டு தட்டு அதிகமில்லை. மூடி போட்ட அந்த அழகான பெட்டி வேண்டாம், நாற்றம் உள்ளேயே நிற்கும், பூனைக்கு மூச்சு முட்டும். அது உள்ளே முழுதாகத் திரும்புகிற அளவுக்கு அகலமான திறந்த தட்டு போதும். ஏறுகிற பக்கம் தாழ்வாக இருக்கட்டும். மணல் வாசனை இல்லாததாக, கட்டி பிடிக்கிறதாக, மூன்று விரல் ஆழத்துக்கு. காலையும் மாலையும் அள்ளு. அள்ளும்போது எத்தனை கட்டி, எவ்வளவு பெரிது என்று கண் பார்க்கட்டும். நேற்று மூன்று பெரியது, இன்று ஒன்றுமில்லை என்றால் அதுதான் செய்தி, பூனை வேறு எப்படியும் உன்னிடம் சொல்லாது. பிளீச் கூடாது. உள்ளே கீறல் விழுந்து நாற்றம் பிடித்துக்கொண்டால் தட்டையே மாற்றிவிடு. வெளியே போய்விட்டால் திட்டாதே, அடிக்காதே, பூட்டாதே. தட்டில் ஏறி ஏறி உட்கார்ந்து ஒன்றும் வரவில்லை என்றால் மணி பார்க்காதே, உடனே தூக்கிக்கொண்டு போ. ஒரு தடவை அடைத்தது மறுபடியும் அடைக்கலாம் என்றும் அவர் சொன்னார். திவ்யாவிடமும் சொல்லி வை.

இதெல்லாம் தெரிந்த நான், எட்டு மாதத்துக்கு முன்னால் உங்கள் பிரிக்பீல்ட்ஸ் வீட்டில் பால் காய்ச்சிய அன்று, பின்பக்கம் கை கழுவப் போனேன். வாஷிங் மெஷினுக்குப் பக்கத்தில் மூடி போட்ட பெட்டி, எலுமிச்சை வாசனை. ஹாலுக்கு வந்து, "அந்தத் தட்ட மாத்தி வைங்க" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஏன் என்று கேட்பாய், கேட்டால் கோப்பியைப் பற்றிப் பேச வேண்டிவரும் என்று பயந்து, "கேசரி நல்லாயிருக்கு" என்றேன். கிச்சாப் அங்கே என் காலை உரசிக்கொண்டு போனது. என்னால் இரண்டாவதாகப் போக இருந்த உயிர் அது. நீ அன்று போன் செய்யாமல் விட்டிருந்தால் போயிருக்கும்.

நான் இன்னும் அந்த பிளாட்டில்தான் இருக்கிறேன். அந்தக் கதவை மாற்றவில்லை. குளிக்கும்போதெல்லாம் அந்தக் கோடுகள் என் முழங்காலுக்குக் கீழே இருக்கின்றன. பழைய கதவு, பழைய கீறல் என்று நீ நினைத்திருப்பாய். போன வருஷம் அறைக்கு ஏர்கோன் மாட்டிக் கொடுத்தாய். ஏன் போட மாட்டேன் என்கிறேன் என்று ஒவ்வொரு தடவையும் சண்டை பிடிக்கிறாய். அதைப் போட்டால் கதவைச் சாத்த வேண்டும், தம்பி. காற்றாடியையும் நான் இரண்டுக்கு மேல் வைப்பதில்லை. பகலில் கண்ணயரும்போது அந்தப் பக்கம் பிறாண்டுகிற சத்தம் கேட்கிறது. எழுந்து போய்க் கதவைத் திறந்து பார்க்கிறேன். ஒன்றும் இருக்காது என்று தெரியும், இருந்தாலும் திறந்து பார்க்கிறேன். ஒரு தடவையாவது நேரத்துக்குத் திறந்துவிட வேண்டும் என்று ஏதோ ஒன்று என்னை எழுப்புகிறது. அந்த கெத்தாபாங் மரத்தை வெட்டிவிட்டார்கள், இப்போது அது கார் நிறுத்தும் இடம். வலது கோடியில் கால்வாய்ச் சுவரை ஒட்டிய கடைசிக் கட்டம். நீ என்னைப் பார்க்க வரும்போதெல்லாம் அங்கேதான் காரை நிறுத்துகிறாய். வேறு இடத்தில் நிறுத்து என்று எத்தனையோ தடவை சொல்ல வாயெடுத்திருக்கிறேன்.

உன்னிடம் மன்னிப்பு கேட்கலாமா என்று யோசித்தேன். கேட்டால், பரவாயில்லப்பா என்று சொல்லிவிடுவாய். உன் சுபாவம் அது. எனக்கு அது வேண்டாம். எனக்கு வேண்டியது, நீ லிப்ட்டிலிருந்து திரும்பிப் போகாமல் ஒரு நாள் நேராக இறங்கிப் போக வேண்டும் என்பதுதான். ஒரு கடிதத்தால் அது நடக்குமா என்று தெரியவில்லை. உன் கை பழகியதை என் எழுத்து மாற்றுமா? ஆனால் மறுபடி அந்தப் பூட்டை இழுக்கும்போது, இதை என் அப்பன் செய்தான் என்றாவது நினைத்துக்கொள். உன் மேல் சந்தேகப்படாதே. அந்த வீட்டில் அன்று பொறுப்பாக இருந்தவன் நீ ஒருவன்தான். பூனைக்கு உடம்பு சரியில்லை என்று சொன்னவனும் நீ ஒருவன்தான்.

இதை வாட்சப்பில் அனுப்ப மனம் வரவில்லை. சனிக்கிழமை காலை கொமூட்டர் ரயிலில் வந்து, உங்கள் கொண்டோ வாசலில் காவல் இருக்கிற ஜாகாவிடம் இந்தக் கவரைக் கொடுத்து மேலே அனுப்பச் சொல்வேன். நான் மேலே வர மாட்டேன். கீழே லாபியில் உட்கார்ந்திருப்பேன். நிதானமாகப் படி. திவ்யாவிடம் காட்டுவதென்றால் காட்டு. இறங்கி வந்து திட்டுவதென்றால் ஜாகாவுக்கு முன்னாலேயே திட்டு, குரலை அடக்காதே. வர முடியவில்லை என்றால் வர வேண்டாம். ஒரு மணி வரை இருந்துவிட்டு ஸ்டேஷனுக்கு நடந்துவிடுவேன்.

அடுத்த சனிக்கிழமையும் வருவேன்.

அப்பா